மூன்று வருஷம் படித்த வாக்கியம்

"சாமி, உங்களுக்கும் எனக்கும் நடுவுல இந்தப் பொம்பளை வேண்டாம்" என்றான் ஆதிச்சன்.

சேந்தி அதை ஒரு சொல் விடாமல் கடாரத்து மொழியில் துறவியிடம் சொன்னாள்.

இந்தப் பொம்பளை என்று அவன் சொன்னது அவளைத்தான்.

துறவி கடல் கடந்து கடாரத்திலிருந்து வந்தவர். மாலுமிகளுக்காகப் பட்டினத்துக் கரையில் கட்டிய புத்த விகாரையில் இருந்தார். காலையில் முற்றத்தில் கம்பு சொல்லிக்கொடுப்பார். கடல் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்த மாலுமிகள் வந்து கற்றுக்கொள்வார்கள். வெயில் ஏறியதும் உள்ளே உட்கார்ந்து தர்மம் சொல்வார். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. எதிரே உட்கார்ந்திருந்த ஆதிச்சனுக்கு நாற்பத்தெட்டு.

துறவிக்குத் தமிழ் தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சைகைதான்.

சேந்தி துறைமுகத்தில் கயிறு திரித்து விற்கிறவள். பதினெட்டு வயதில் ஒரு கடாரத்து மாலுமியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினாள். பதினைந்து வருஷம் அங்கே குடும்பம் நடத்தினாள். அவன் செத்தபிறகு திரும்பி வந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. விலை பேசுகிற அளவுக்குக் கடாரத்து மொழி தெரிந்த வியாபாரிகள் பட்டினத்தில் பலர் உண்டு. முழுசாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

துறவி ஏதோ கேட்டார்.

"ஏன் வேண்டாம்?" என்றாள் சேந்தி.

ஆதிச்சன் அவளைப் பார்த்து விழித்தான்.

"நான் கேக்கலண்ணே. சாமி கேக்குறாங்க."

"சாமி, நீங்க சொல்றது பாலு. அது இவ வாய் வழியா வந்தா மோராயிடுது."

சேந்தி பாதி சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"தயிரா மோரா? சரியாச் சொல்லுங்க. அவங்க ஊர்ல ரெண்டும் கெடையாது. நான் வெளக்கிச் சொல்லணும்."

"மோரு."

அவள் வெகுநேரம் விளக்கினாள். கடைகிற மாதிரி கையை ஆட்டிக்கூடக் காட்டினாள். துறவி கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மோரு உடம்புக்கு நல்லதாமே, அப்புறம் என்னங்கிறாங்க."

"பாத்தீங்களா! இதைத்தான் சொல்றேன்!" ஆதிச்சனுக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் என்ன சொன்னேன், அது என்னவா ஆகித் திரும்பி வருது பாருங்க. புத்தர் வாக்கை மூலத்துல கேக்கணும் சாமி. உங்க வாயிலேருந்து நேரா என் காதுக்கு வரணும். கயிறு விக்கிறவளுக்குத் தர்மத்தைப் பத்தி என்ன தெரியும்?"

சேந்தி அதையும் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கயிறு விற்கிறவள் என்ற இடத்தில் மட்டும் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வலித்தது. ஆனாலும் குறைத்துச் சொல்லவில்லை.

துறவி ஆதிச்சனைப் பார்த்தார். ஒரே சொல் சொன்னார். மோவாயால் சேந்தியைக் காட்டினார்.

"கத்துக்கங்க" என்றாள் அவள். அப்புறம், "என்கிட்ட" என்று சேர்த்துச் சொன்னாள். மோவாயையும் அவள்தானே மொழிபெயர்க்க வேண்டும்?

*

ஆதிச்சன் சொன்ன காரணம் பொய் இல்லை. ஆனால் அது பாதிதான்.

அவன் ஒரு சிலம்ப ஆசான். இரண்டு நாள் நடைதூரத்தில் உள்ள ஓர் ஊரில் இருபது வருஷம் கம்பு சொல்லிக்கொடுத்தவன். இதைப் பட்டினத்தில் யாரிடமும் அவன் சொல்லவில்லை.

அவன் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. திருவிழாவின் கடைசி ஆட்டம் ஆசானுக்கும் அவருடைய முதல் மாணவனுக்கும். கம்பு நுனியில் சாம்பலைக் குழைத்துத் தடவிக்கொள்வார்கள். மாணவன் என்றைக்கு ஆசான் மார்பில் ஒரு சாம்பல் பொட்டு வைக்கிறானோ, அன்றைக்கு ஆசான் கம்பைத் தரையில் வைத்துவிட்டு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதோடு அவனும் ஆசான்.

முதல் மாணவன் பெயர் காரி. இருபத்தொரு வயது. சிரித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

அந்த வருஷம் காரி பொட்டு வைத்துவிட்டான். ஆட்டம் தொடங்கிப் பத்து எண்ணுவதற்குள். ஊர் எழுந்து நின்று கத்தியது. யாரோ ஒருவன் கூட்டத்தில், "ஆசானுக்கு வயசாயிடுச்சுடோய்!" என்றான். ஊர் சிரித்தது. காரியும் சிரித்தான்.

ஆதிச்சன் கம்பைத் தரையில் வைக்கவில்லை.

நெற்றியில் ஒரே அடி. விழுந்த காரி எழுந்திருக்கவே இல்லை.

எல்லாம் ஒரு நொடியில் நடந்தது. சுற்றிவந்த கம்பு நிற்கவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆட்டத்துக்கு நடுவராக நின்ற சாத்தன்தான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னான். "ஐயோ, ஆசானுக்குக் கை தவறிடுச்சே!" சாத்தன் வேறு யாருமில்லை, காரியின் தாய்மாமன். அவனே சொன்னபிறகு வேறு யார் என்ன சொல்ல முடியும்? கை தவறிடுச்சு, கை தவறிடுச்சு என்று ஊர் முழுக்க அதுவே பேச்சாயிற்று.

ஆதிச்சன் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

காரியின் அம்மா வெள்ளச்சிக்குப் புருஷன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. அவள் நாற்பது நாள் ஆதிச்சன் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தாள். அவன் சாப்பிடாமல் கிடக்கிறான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"சாப்புடுங்க ஆசானே" என்பாள். "அவன் ஒங்க கையிலதானே வளந்தான். கை தவறினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

நாற்பத்தோராம் நாள் அவன் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டான். பாவம் ஆசான் என்றது ஊர்.

அதற்குப் பிறகு ஊர் ஊராகத் திரிந்தான். கடாரத்துச் சாமியிடம் போனால் மனசுப் பாரம் இறங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டுப் பட்டினத்துக்கு வந்தான். வந்து பார்த்தால் சாமி பக்கத்தில் ஒரு பொம்பளை. அவன் எதைச் சொன்னாலும் அது முதலில் அவள் காதில் விழும். அவள் தமிழச்சி. வெள்ளச்சி வயதுதான் அவளுக்கும் இருக்கும்.

அவள் காதில் அது விழுவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மூலம், பால், மோர் எல்லாம் அதற்குப் பிறகு யோசித்தது.

*

கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், "நிர்வாணத்துக்கு ஒங்க பாஷையில என்ன?" என்று கேட்டான்.

"ராட்டை நிறுத்தாம சுத்து. இதை மொதல்ல படிங்க" என்றாள் சேந்தி, அதைக் கடாரத்து மொழியில் சொல்லிக்காட்டி.

அவள் இடுப்பில் தேங்காய் நாரைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நடப்பாள். அவன் நாரை முறுக்கும் ராட்டைச் சுற்றுவான். கயிறு நீள நீள அவள் தூரமாகப் போவாள். அதனால் சொற்களைக் கத்தித்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. துறைமுகமே கேட்டது. பக்கத்து உப்புக்கடைக்காரன் ஆறு மாதத்தில் கடாரத்து வசவு இருபது கற்றுக்கொண்டான், காசில்லாமல்.

அவளிடம் தத்துவச் சொல் ஒன்றுகூட இல்லை. அடுப்படிச் சொல் இருந்தது. பிரசவச் சொல் இருந்தது. மாமியாரோடு சண்டை போடுகிற சொல் தாராளமாக இருந்தது.

"துக்கத்துக்கு என்ன?" என்று ஒருநாள் கேட்டான். தர்மத்துக்கு அது வேண்டுமே என்று.

"எந்தத் துக்கம்ணே? புருஷன் செத்த துக்கமா, புள்ள செத்த துக்கமா? அங்க அதுக்கு வேற, இதுக்கு வேற."

அவன் ராட்டைப் பார்த்துக்கொண்டே, "புள்ள செத்தது" என்றான்.

சொன்னாள்.

"இது எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள். "அங்க ஒரு பொண்ணைப் பொதைச்சிட்டு வந்திருக்கேன். நாலு வயசு."

அன்றைக்கு அவனுக்கு அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. போனது தெரிந்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் விகாரைக்குள் போய் அவள் வழியாகத் தர்மம் கேட்க மட்டும் அவன் சம்மதிக்கவில்லை. மொழி வரட்டும், மூலத்திலேயே கேட்டுக்கொள்கிறேன் என்று வெளியில் நின்றான். உள்ளே துடுப்புக்காரர்கள் உட்கார்ந்து சேந்தி சொல்வதைக் கேட்டார்கள். அவளுடைய மோரைக் குடித்தே ஒருவன் கள்ளை விட்டான். இன்னொருவன் பத்து வருஷமாகப் பேசாத தம்பியிடம் போய்ப் பேசினான். ஆதிச்சன் மட்டும் பாலுக்காகக் காத்திருந்தான்.

ஒரு காலையில் துறவி முற்றத்தில் நின்றபடி அவனிடம் ஒரு கம்பை நீட்டினார்.

ஆதிச்சன் சட்டென்று பின்வாங்கி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

துறவி அவன் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். சேந்தியும் பார்த்தாள். ஒரு கால் சரிந்து, ஒரு கால் ஊன்றி, உடம்பு ஒருக்களித்து, கண் கம்பின் நுனியில். கம்பு தெரியாதவன் இப்படி விலகமாட்டான்.

துறவி கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

அவன் தனக்கு வேண்டிய சொற்களை ஒளித்து ஒளித்துக் கேட்டான். வேண்டாத பத்துச் சொல்லுக்கு நடுவில் வேண்டிய சொல் ஒன்று. ஆடு, மழை, உப்பு, கம்பு, பாய், மீன். அடுத்த மாதம் வேறு பத்துக்கு நடுவில் மாணவன். அப்புறம் சாம்பல். அப்புறம் கோபம். அப்புறம் நெற்றி. இப்படியே இரண்டரை வருஷம்.

அவள் கேட்ட சொல்லைக் கொடுத்துக்கொண்டே வந்தாள். நாள் முழுக்க நார் நாராக எடுத்துக் கயிறாக்குகிறவளுக்கு இது தெரியாமல் போகுமா? அவனுக்குத்தான் அது தோன்றவில்லை.

மூன்றாம் வருஷம் மழை நின்ற ஒரு நாள். சேந்தி நாற்பதடி தள்ளி நின்றிருந்தாள். ஆதிச்சன் கத்திக் கேட்டான்.

"வேணும்னே செய்யிறதுக்கு என்ன?"

கேட்டுவிட்டு ராட்டை நிறுத்திவிட்டான். தான் நிறுத்தியது அவனுக்கே தெரியவில்லை.

அவள் கத்தவில்லை. நாரை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கீழே வைத்தாள். நாற்பதடியும் நடந்து வந்தாள். பக்கத்தில் வந்து மெதுவாக அந்தச் சொல்லைச் சொன்னாள்.

அவன் இரண்டு தரம் திருப்பிச் சொன்னான்.

"இன்னிக்குக் கயிறு போதும்ணே" என்றாள்.

"தங்கச்சி" என்றான். அப்படி அவன் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. "யாருகிட்டயும்..."

"ஒருத்தர் சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொல்லுவேன். சேக்கவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

*

மறுநாள் காலையில் ஆதிச்சன் குளித்துவிட்டு விகாரைக்குப் போனான். சேந்தி வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள். அவன் மட்டும் உள்ளே போய்த் துறவியின் முன் உட்கார்ந்தான்.

"மூலத்தில் கேட்க வந்திருக்கிறேன்" என்றான், கடாரத்து மொழியில்.

துறவியின் முகம் மலர்ந்தது. "எங்கள் ஊர் அடுப்படியில் இப்படித்தான் பேசுவார்கள். எனக்கு என் அம்மா ஞாபகம் வருகிறது."

ஆதிச்சனுக்கு அது புகழ்ச்சியா கேலியா என்று தெரியவில்லை.

"புத்தர் வாக்கைச் சொல்லுங்கள். அவர் சொன்ன அதே சொல்லில் சொல்லுங்கள்."

"அந்தச் சொல் எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"அவர் எங்கள் மொழியில் பேசியவர் இல்லை."

"பிறகு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் குரு எனக்கு எங்கள் மொழியில் சொன்னார்" என்றார் துறவி. "அவருக்கு ஒரு தீவுக்காரர் தீவு மொழியில் சொன்னார். அந்தத் தீவுக்காரருக்கு யார் சொன்னார்களோ."

"அப்படியென்றால் நீங்கள் சொல்வதும்..."

"மோர்தான்" என்றார் துறவி. "அவள் அன்றைக்கு நன்றாக விளக்கினாள்."

மூன்று வருஷம். ஆதிச்சனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"முன்னாலேயே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்கவில்லை. நானும் வேண்டுமென்று பேசாமல் இருந்தேன். உனக்கு இந்த மொழி வேறு எதற்கோ தேவைப்பட்டது."

வெளியே கப்பல்காரர்கள் பாய் இழுக்கும் சத்தம் கேட்டது.

ஆதிச்சன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனிடம் அது தயாராக இருந்தது. ராட்டுச் சுற்றும்போதும் நடக்கும்போதும் மனசுக்குள் ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்தது. குறைந்திருந்த ஒரு சொல்லும் நேற்றுக் கிடைத்துவிட்டது.

"நான் சிலம்ப ஆசான். என் மாணவன் என் மார்பில் சாம்பல் பொட்டு வைத்தான். எனக்குக் கோபம் வந்தது. வேண்டுமென்றே அவனை நெற்றியில் அடித்தேன். அவன் செத்துவிட்டான். அவனுடைய தாய்க்கு இது தெரியாது."

எங்கும் தடுக்கவில்லை. உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தான். பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். இறங்கவில்லை.

"எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய்" என்றார் துறவி.

"மூன்று வருஷம் பயிற்சி செய்தேன்."

"அது தெரிகிறது."

துறவி அவன் முகத்தையே பார்த்தார். அவருடைய பார்வையில் வெறுப்பு இல்லை. அது ஆதிச்சனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீ சொன்னது மொழிபெயர்ப்பு" என்றார். "மூலத்தைச் சொல்."

"உங்களுக்குத் தமிழ் தெரியாதே."

"தெரியாது."

"பிறகு யாருக்காகச் சொல்வது?"

துறவி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆதிச்சன் வாயைத் திறந்தான்.

"நான்" என்றான், தமிழில்.

அடுத்த சொல் வரவில்லை. கடாரத்து மொழியில் ஆயிரம் தரம் சொன்னதை அவன் ஒருதரம்கூடத் தமிழில் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததில்லை. அப்போதுதான் அது அவனுக்கு உறைத்தது.

"நான்... காரிய..."

கடாரத்து வாக்கியத்தில் அந்தப் பெயர் இருக்கவில்லை. அங்கே அவன் வெறும் மாணவன். பெயர் வாயில் வந்ததும் பையனின் சிரிப்பும் கூட வந்தது, மார்பில் பட்ட ஈரச் சாம்பலின் குளிர்ச்சியும் வந்தது. ஆதிச்சன் தரையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதான். ஊரைவிட்டு வந்தபிறகு அவன் அழுதது அன்றைக்குத்தான்.

துறவி எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார். முதுகில் ஒருதரம் கையை வைத்தார். பிறகு முற்றத்துக்குப் போய்விட்டார்.

*

ஆதிச்சன் வெளியே வந்து படியில் சேந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தங்கச்சி, நீயாவது கேளு. ஒனக்குத் தமிழ் தெரியும்."

"என்கிட்ட வேண்டாம்ணே."

"ஏன்?"

"எனக்குத் தெரியும். ஒவ்வொரு வார்த்தையா நான்தானே எடுத்துக் குடுத்தேன்? தெரியாதவங்க யாரோ, அவங்ககிட்ட போயிச் சொல்லுங்க."

அவன் படியில் கிடந்த ஒரு நாரை எடுத்து விரலில் சுற்றினான்.

"அவனப் பெத்தவ நாப்பது நாள் எனக்குச் சோறு போட்டா."

"போட்டிருப்பாங்க."

"சாபம் குடுப்பா."

"குடுக்கட்டும். தமிழ்லதானே குடுப்பாங்க? நீங்க யாரையும் கேக்காம புரிஞ்சுக்கலாம்."

அவன் தலையை ஆட்டினான். எழுந்தான். நாலு எட்டு வைத்தான். திரும்பி வந்தான்.

"நீயும் கூட வா தங்கச்சி. நான் பாதியில நின்னுட்டேன்னா, மிச்சத்தை நீ சொல்லு."

மூன்று வருஷத்துக்கு முன் நடுவில் ஆள் வேண்டாம் என்றவன் இவன்தான். சேந்திக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"என் வாய் வழியா வந்தா மோராயிடும்ணே" என்றாள். "நீங்களே போங்க."

*

இரண்டு நாள் நடந்தான். மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் ஊருக்குள் நுழைந்தான்.

வெள்ளச்சி வீட்டு வாசலில் பாயை விரித்து உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் பரபரவென்று எழுந்துவிட்டாள்.

"ஆசானே! எங்க போயிட்டீங்க இத்தனை வருஷமா? என்ன இப்படி எளைச்சுட்டீங்க? நிக்கிறீங்களே, உக்காருங்க."

உள்ளே ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து அவள் அண்ணன் சாத்தனும் வந்துவிட்டான். பின்னாலேயே இரண்டு மூன்று பேர் வந்தார்கள்.

"ஆசான் வந்துட்டாரா! வாங்க வாங்க. கம்பு சொல்லித்தர ஆளில்லாம நம்ம பசங்க வீணாப் போறானுங்க."

ஆதிச்சன் வெள்ளச்சியை மட்டும் பார்த்தான்.

"வெள்ளச்சி."

"சொல்லுங்க ஆசானே."

"நான்... காரிய..."

நின்றுவிட்டான். கடாரத்துச் சொற்கள் எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. அவற்றைச் சொன்னால் இங்கே யாருக்கும் ஒன்றும் புரியாது. ஒரு கணம் அவனுக்கு அப்படிச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்றுகூட இருந்தது.

"காரிய நான் கை தவறி அடிக்கல" என்றான். "அவன் எம்மேல பொட்டு வெச்சுட்டான். ஊரே சிரிச்சுது. அவனும் சிரிச்சான். எனக்குப் பொறுக்கல. தெரிஞ்சுதான் அடிச்சேன் வெள்ளச்சி. வேணும்னே அடிச்சேன்."

குரல் உடைந்து உடைந்து வந்தது. பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டான்.

வெள்ளச்சியின் கையில் சொம்பு அப்படியே இருந்தது.

முதலில் வாய் திறந்தது சாத்தன்தான்.

"தங்கச்சி, ஆசான் மனசு ஒடஞ்சு பேசுறாரு. அவர் என்ன சொல்றாருன்னா, தன்னாலதானே புள்ள போச்சுன்னு ஒரு இதுல..." அவன் ஆதிச்சனைப் பார்த்தான், மறுபடி தங்கையைப் பார்த்தான். "அதாவது, நடந்தது என்னவோ கை தவறினதுதான். நானே பக்கத்துல நின்னு பாத்தேனே. இவரு வருத்தத்துல அதை வேற மாதிரி..."

வெள்ளச்சி சொம்பைக் கீழே வைத்தாள்.

"நீ சும்மா இருண்ணே."

அவள் ஆதிச்சனுக்கு எதிரில், வெறும் தரையில் உட்கார்ந்தாள். அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ சொல்லு."